லாசரஸின் துப்பறியும் பரீட்சை

என் வீட்டுக்காரர் லாசரஸ் என்னைப் பெண் கேட்டது எனக்காகவா, உத்தியோக அட்டைக்காகவா? கல்யாணமாகி இரண்டு வருஷம் இந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள். உங்களுக்கு நடந்திருந்தால் தெரியும்.

அது 1961. சிலிகி ரோட்டில், ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில், முத்துசாமி என்பவர் துப்பறியும் ஆபீஸ் நடத்தினார். போலீசில் இருபது வருஷம் இருந்தவர். லைசென்ஸ் சட்டமெல்லாம் பின்னால் வந்தது; அந்த ஆபீசில் அன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். வேலைக்கு வருகிறவன் போலீசிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் கொண்டுவர வேண்டும். பங்குச் சாமியார் கையெழுத்தும் வேண்டும். அதற்குமேல் மூன்று மாதம் பயிற்சி, கடைசியில் பரீட்சை. தேறினால் படம் ஒட்டிய அட்டையும் மாசச் சம்பளமும். தேறாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

லாசரஸுக்கு வேலை போய் ஆறு மாதமாகியிருந்தது. அந்த அட்டைக்கு அப்படி ஏங்கினார் மனுஷன். காப்பிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வந்தவன் போனவன் சட்டை நிறத்தையெல்லாம் மனசில் பதித்துக்கொண்டு வந்து எழுதுவார். “முகத்தப் பாக்காத, குதிகாலப் பாரு” என்பது முத்துசாமியின் பாடம். பல வருஷம் கழித்தும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் முதலில் காலைத்தான் பார்ப்பார். எனக்கு மானம் போகும்.

பரீட்சை இதுதான்: யாரோ ஒரு ஆளை மூன்று சாயங்காலம் அவருக்குத் தெரியாமல் பின்தொடர வேண்டும். தெரிந்த ஆளென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிடிபட்டால் ஆபீஸ் பெயர் வாயில் வரக் கூடாது. நம்புகிற மாதிரி ஒரு பொய் சொல்லித் தப்பிக்க வேண்டும். முத்துசாமி கைகாட்டிய ஆள், தினமும் விக்டோரியா ஸ்திரீட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துபோகிற ஒரு துறைமுக கிளார்க். பெயர் சூசைநாதன். என் அப்பா!

முதல் இரண்டு நாளும் தப்பில்லாமல் நடந்தது. மூன்றாம் நாள் பஸ் தாமதம். லூர்து மாதா கோயில் வாசலுக்கு அப்பா வரவும் ஆறு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மணி கேட்டால் கத்தோலிக்கர்களான நாங்கள் நின்ற இடத்தில் நின்று செபம் சொல்வோம். ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் மறுபாதியைச் சொல்ல வேண்டும். அது சின்ன வயசிலேயே நாக்கில் ஊறிப்போன பழக்கம். ரோட்டில் போன மற்றவர்களெல்லாம் போய்க்கொண்டே இருக்க, அப்பா தொப்பியைக் கழற்றி, “அருள் நிறைந்த மரியாயே” என்று ஆரம்பித்தார். முடித்ததும் மரத்துக்குப் பின்னாலிருந்து, “அர்ச்சியசிஷ்ட மரியாயே” என்று மறுபாதி கணீரென்று வந்தது. லாசரஸேதான். ஐயோ, அந்தக் குரல்!

அப்பா செபத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

“யாருய்யா அது? நேத்தும் காப்பிக்கடை ஓரமா நின்ன ஆளுதானே நீ? என்ன வேணும் உனக்கு?”

லாசரஸ் மென்று விழுங்கினாராம். “ஐயா... உங்க பொண்ணு அல்போன்சம்மாளக் கேக்கலாம்னு...”

“அதுக்கு ஏன்யா மரத்துக்குப் பின்னாடி நிக்கிற? வீட்டுக்கு வந்து கேளு லா!” என்று எங்கள் ஊர் வழக்கப்படி ‘லா’ போட்டு அதட்டினாராம் அப்பா.

கம்போங் காப்போரில் எங்கள் வீட்டுக்கு அப்பா அவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். நான் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். கோயிலில் ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் உட்காருகிற ஆள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கல்யாணத்துக்கு அப்புறம்தான் பரீட்சை விஷயம் தெரிந்தது. பிடிபட்டீர்களே, தேறினீர்களா என்றேன். “தேறல” என்றார், அவ்வளவுதான். இரும்புக்கடையில் ஒரு வருஷம் மூட்டை தூக்கிவிட்டு, மறுபடி மூன்று மாதம் பயிற்சி எடுத்துத்தான் அட்டை வாங்கினார். எனக்கு மட்டும் ஆறவில்லை. “தப்பிக்கறதுக்குச் சொன்ன பொய்யி, அட்டையும் வரல, நான்தான் தலையில வந்து விழுந்தேன்” என்று சண்டை வரும்போதெல்லாம் குத்திக் காட்டுவேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

1963இல் எங்கள் மகள் பெட்டியின் ஞானஸ்நானத்துக்கு முத்துசாமி வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

“உன் புருஷன் மாதிரி ஒரு முட்டாள நான் பாத்ததில்லம்மா. பிடிபட்டாலும் ஜோராத் தப்பிச்சிட்டான்னு பாஸ் போடப் பேனாவ எடுத்துட்டேன். ‘சபாஷ், நல்ல பொய்’யின்னேன். ‘பொய்யில்ல சார், ஒரு வருஷமா கோயில்ல அந்தப் பொண்ணத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்’னான். தெரிஞ்ச குடும்பம்னா மொதல்லயே சொல்லணும்ல? அப்பவும் மனசு கேக்காம, ‘பொய்யினு ஒரு வார்த்த சொல்லுடா, அட்டையக் குடுத்துடறேன்’னேன். ‘அத மட்டும் சொல்ல முடியாது சார்’னு எந்திரிச்சிப் போயிட்டான்.”

இரண்டு வருஷம் அவரைக் குத்திய இந்த வாயை எங்கே கொண்டு வைப்பேன்? நேரே சமையல்கட்டுக்குப் போனேன். இவர் விருந்தாளிகளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க எங்கிட்டச் சொல்லல?” அழுதுவிட்டேன்.

“ஆபீஸ்ல நடந்தத வெளிய சொல்லக் கூடாது. ரூல்” என்றார்.

அவர் காலமான பிறகு, இப்போது நான் ஆங் மோ கியோவில் மகள் பெட்டியோடு இருக்கிறேன். கோயில் மணி இங்கே கேட்காது, சுவர்க் கடிகாரம்தான். ஆறு மணிக்கு எழுந்து நின்று முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபாதியையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.