எழுந்திருக்க மறுத்த குரங்கு

என் வாழ்க்கையில் நான் நடித்தது ஒரே ஒரு நாடகம். அதில் எனக்கு ஒரே ஒரு வேலை, எழுந்து நிற்பது. அதைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை என்பதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறது. வங்காளத்துச் சால்ட் லேக்கில் நாங்கள் இருந்த பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில், ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் யாராவது ஒரு புண்ணியவான் அதைத் தேடியெடுத்துப் போட்டுவிடுகிறார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. தேதி இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார். அவருடைய விசுவாசத்திலும் அந்த அலுவலக வாசனை உண்டு. தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்தார்; ஆறு என்றால் ஆறுதான், அதில் முன்னே பின்னே கிடையாது. ஆதாமிலிருந்து நோவா வரை யார் எத்தனை வயதில் யாரைப் பெற்றார் என்று பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கூட்டி எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருந்தார்.

"பேரு போட்டிருக்கு, வயசு போட்டிருக்கு, தகப்பன் பேரும் போட்டிருக்கு. இதுக்கு மேல என்னட்டி சர்ட்டிபிகேட் வேணும்?" என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் பள்ளிக்கூட அடையாள அட்டையிலும் அவ்வளவுதான் போட்டிருந்தது.

மேல்மாடியில் ஜேட்டு. வங்காளத்தில் பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் அதே முறைதான். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தமிழ் ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும், ஒரு கிண்ணம் பொரியோடு இறங்கிவருவார். அம்மா டீ போடுவாள். டீ ஆறுவதற்குள் இருவருக்கும் சண்டை மூண்டுவிடும். ஒருநாள் சிப்பியின் அச்சுப் பதிந்த கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, இதற்கு இருபது கோடி வயது என்றார். அப்பா உருட்டிப் பார்த்தார். சிப்பி நோவா காலத்து வெள்ளத்தில் வந்தது, கல் நல்ல கல், வயதைத்தான் யாரோ தப்பாகப் பதிந்துவிட்டார்கள் என்று சொல்லி, தன் காகிதக்கட்டின்மேல் அதைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் தொடங்குவார்கள். சூடு ஏறியதும் ஜேட்டு வங்காளத்துக்குப் போய்விடுவார், அப்பா திருநெல்வேலிக்கு.

நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பொரியைக் காலி செய்தபடி கவலைப்படுவேன். என்றைக்காவது ஒருவர் ஜெயித்துவிடுவார். தோற்றவர் அப்புறம் படியிறங்கி வருவாரா? பொரி என்னாவது?

அந்த வருஷம் எங்கள் பிளாக் பூஜையின் தீம், பூமியின் பிறப்பு. மூங்கிலிலும் தெர்மாகோலிலும் டைனோசர்கள் எழும்பின. நாங்கள் பூஜையில் கும்பிடமாட்டோம், பிரசாதம் வாங்கமாட்டோம். ஆனால் மாலை நிகழ்ச்சிக்கு நாற்காலி பிடிப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. சப்தமி மாலை நாடகம் ஜேட்டுவின் பொறுப்பு. தண்ணீர்த்தொட்டிக் குழாயில் தலைகீழாகத் தொங்குகிறவள் பிளாக்கிலேயே நான் ஒருத்திதான் என்பதால், குரங்கு வேடம் என்னைத் தேடி வந்தது. நாலு காலில் வரவேண்டும். ஜேட்டு மைக்கில் இத்தனை லட்சம் வருஷம் கழிந்தது என்று சொல்லச்சொல்ல, மேளம் அடிக்க அடிக்க, கொஞ்சங்கொஞ்சமாக நிமிரவேண்டும். கடைசியில் நேராக நின்று, வங்க மொழியில் "நான் மனிதன்" என்று சொல்லவேண்டும்.

ஜேட்டுவிடம் துள்ளிக் குதித்துச் சரி என்று சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சம்மதம் வாங்குவதில்தான் என் மூளை வேலை செய்தது.

"படைப்பைப் பத்தி நாடகம்ப்பா. நான் மிருகம்."

"ஆறாம் நாளா?"

"ஆமாப்பா."

பைபிளில் தேவன் மிருகங்களைப் படைத்தது ஆறாம் நாள். அந்த மிருகம் அப்புறம் என்னவாகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதை ஆகாது. வேடத்துக்குத் தன் பழுப்பு நிற ஸ்வெட்டரை அவரே எடுத்துக்கொடுத்தார். அம்மா அதில் வால் தைத்தாள்.

சப்தமி மாலை, ஸ்வெட்டருக்குள் வெந்தபடி நாலு காலில் மேடைக்கு வந்தேன். கைத்தட்டல். தலையைத் தூக்கினால், மூன்றாவது வரிசையில் அப்பா. திடீரென்று அலமாரிக் கதவு நினைவுக்கு வந்தது. நான் நிமிர்ந்தால் ஆதாமுக்குத் தகப்பன் குரங்கு என்றாகிவிடும். அந்தக் காலண்டரில் அப்படி ஒரு பெயருக்கு இடமே இல்லை. நிமிராவிட்டால், பிளாக் முழுக்கப் பார்த்திருக்க ஜேட்டுவின் மானம் போகும்.

ஜேட்டு பத்து லட்சம் வருஷம் என்றார். நான் அசையவில்லை. இன்னொரு பத்து லட்சம் கொடுத்தார். மேளக்காரர் ஓங்கி அடித்தார். நான் மேடையில் வைத்திருந்த ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றேன். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. ஜேட்டு பதற்றத்தில் ஒரேயடியாக ஒரு கோடி வருஷத்தை அள்ளிவிட்டார். குரங்கு குரங்காகவே இருந்தது.

அப்போது அப்பா எழுந்தார்.

"ஏட்டி, எந்திரி. பாவம், ஜேட்டு எம்புட்டு நேரம் நிப்பாரு?"

"எந்திரிச்சா பொய்யாயிரும்ப்பா" என்றேன். ஜேட்டு பதறிப்போய் மைக்கை என் முகத்துக்கு நேராகவே நீட்டியிருந்ததால் மைதானம் முழுவதும் கேட்டது.

"நாடகந்தானட்டி. எந்திரி."

எழுந்தேன். ஒரே மூச்சில், நேராக. மனப்பாடம் செய்த வசனம் மறந்துபோயிருந்தது. வாயில் வந்ததை வங்க மொழியில் சொன்னேன்: "நான் முதலிலிருந்தே மனிதன்தான். குனிந்திருந்தேன், அவ்வளவுதான்."

மைதானம் அதிர்ந்தது. ஜேட்டு சிரித்த சிரிப்பில் மைக் கீழே விழுந்து கூவியது. அப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறு ஞாயிறு ஜேட்டு வருவாரா என்று படிக்கட்டிலேயே காத்திருந்தேன். வந்தார். கையில் முன்னதைவிடப் பெரிய கல். அப்பா ஆரம்பித்தார்: என் மகள் ஒரு நொடியில் நிமிர்ந்தாள், கோடி வருஷமெல்லாம் ஆகவில்லை. எப்படியோ நாலு காலிலிருந்துதானே நிமிர்ந்தாள் என்றார் ஜேட்டு. இருவருமே தாங்கள் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டாம் டீ குடித்தார்கள். அன்றும் அந்தச் சண்டை முடியவில்லை என்பதில் எனக்கு ஒரே நிம்மதி.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. வீட்டைக் காலி செய்தபோது அலமாரிக் கதவிலிருந்து காலண்டரைக் கிழியாமல் உரித்தெடுத்தார். அதில் ஒரு வருஷத்தைக்கூட அவர் விட்டுக்கொடுத்திருக்கவில்லை. ஜேட்டுவின் கல்லை நான் தூக்கினேன். அடியில் காகிதக்கட்டு. அதில், ஜேட்டுவின் கையெழுத்தில் அந்தக் குரங்கு நாடகம் முழுவதும் இருந்தது. என்னிடம் சொல்வதற்கு முன்பே கீழே கொண்டுவந்து அப்பாவிடம் காட்டிக் கேட்டிருக்கிறார். லட்சம், கோடி என்று வந்த இடங்களில் எல்லாம் ஓரத்தில் அப்பாவின் பென்சில் கேள்விக்குறிகள். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசிப் பக்கத்தின் கீழே அவருடைய கையெழுத்து.

பக்கத்தில் தேதி போட்டிருந்தார். நான் வெறும் மிருகம்தான் என்று சாமர்த்தியமாகச் சொல்லி அவரை ஏமாற்றிய நாளுக்குச் சரியாக ஆறு நாள் முந்தைய தேதி.