ஏழாம் நம்பரைக் காலி செய்தது

தி.நகரில் நான் மேனேஜராக இருந்த லாட்ஜுக்கு என் வயதைப் போல இரண்டு மடங்கு வயது. கீழே மெஸ், பின்கட்டில் பார், மேலே பதினெட்டு அறைகள். கல்யாணப் பட்டு எடுக்கத் தெற்கிலிருந்து வரும் குடும்பங்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அதனால் அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அறையில் யாரும் சாகக் கூடாது. பிணம் இறங்கிய படியில் கல்யாண வீட்டார் ஏற மாட்டார்கள். தங்கியிருப்பவருக்கு மூச்சு வாங்கினால் டாக்டருக்கு முன்னால் ரிஜிஸ்தர்தான் போகும். காலி செய்ததாகக் கையெழுத்து வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிடுவோம். பிறகு எங்கே செத்தாலும் அவர் எங்கள் ஆள் இல்லை. நாலைந்து பேரை நானே அப்படி அனுப்பியிருக்கிறேன்.

ஏழாம் நம்பர்காரர் தியேட்டரில் டிக்கெட் கிழித்து ஓய்ந்தவர். சொந்தம் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. பன்னிரண்டு வருஷமாக அந்த அறைதான் வீடு. சனிக்கிழமை சாயங்காலம் பாரில் ஒரே ஒரு பீர், ஒரு தட்டு சுண்டல். எங்கள் ஆட்டோக்கள் போவதை ஜன்னலிலிருந்து பார்த்தவர் என்பதால், ஒரு சனிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நைனா, என்னிய மட்டும் ஆட்டோல ஏத்தி வுட்றாத. கண்ண மூட்றதுன்னா இங்கயே மூடிக்கிறேன்.”

“இன்னா பெருசு, இப்டி பேசிக்கினு? அதான் நான் கீறேன்ல?”

வாக்குக் கொடுக்க வரியா கட்ட வேண்டும்? கொடுத்தேன். ஓசியில் இன்னொரு தட்டு சுண்டலும் வைத்தேன்.

தை மாதம், ஒரு புதன்கிழமை காலை, அவருக்கு மூச்சு இழுத்தது. பத்து மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து முப்பது பேர் வர வேண்டும். முதலாளி போனில் ஒரே வரிதான் சொன்னார். “ஏழாம் நம்பரக் காலி பண்ணிட்டு எனக்குச் சொல்லும்வே.”

ரிஜிஸ்தரோடு போனேன். ரூமுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், ரெண்டு நாள் கே.கே. நகரில் வேறு லாட்ஜில் இருந்துவிட்டு வரலாம் என்றேன். எங்கள் வித்தையெல்லாம் தெரிந்த மனிதர். ஆனாலும் சொன்னது நான் என்பதால் நம்பினார். கையெழுத்துப் போட்டுச் சாவியையும் அவரே எடுத்துத் தந்தார்.

இஸ்திரிச் சட்டை மாட்டி, விபூதி பூசி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். முன்வாசலில் கல்யாண வேன் வந்துவிட்டது, அதனால் பார் வழியாகப் போனோம். அந்த வாடை பட்டதும் கண்ணைத் திறந்தார்.

“இன்னிக்கி சனிக்கெயமையா, நைனா?”

“ஆமா.”

தன் மூலை மேஜையைக் கையால் காட்டிச் சிரித்தார். அங்கேயே இறக்கச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம். பின்வாசலில் ஆட்டோவைக் கண்டதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி போகுமுன்பே முடிந்துவிட்டது என்று ஆட்டோக்காரர் போன் செய்தபோது, மணப்பெண்ணின் அம்மா ஏழாம் நம்பர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“ராசியான ரூம்தானப்பா? நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்லா.”

“இங்க இருந்தவங்க யாருக்கும் ஒரு கொறையும் வந்ததில்லம்மா” என்றேன்.

அவர் என் நெஞ்சையே பார்த்தார். “சட்டைப் பட்டன் பிஞ்சு போயிருக்கே, தம்பி” என்று வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். இளித்துக்கொண்டே வாங்கி மாட்டிக்கொண்டேன்.