உறவுமுறைக் கட்டத்தில் வீரம்மா எழுதியது

வீரம்மா எளிதில் கோபப்படுகிறவள் அல்ல. பட்டால் லேசில் ஆறுகிறவளும் அல்ல. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பத்தொன்பதில் லெட்சுமணனைக் கட்டி, ஏழு வருடம் குடும்பம் நடத்தி, அவன் கெட்டவன் இல்லை என்று தெரிந்தும் விட்டு வந்தவள். கண்டியில் ஒரு தையல் கடையில் வேலை. கடைக்குப் பின்னால் வாடகை அறை. வாடிக்கையாளர்களுக்கு ரசீதுத் துண்டு எழுதி எழுதியே சிங்களம் எழுதப் பழகிக்கொண்டாள்.

சட்டை தைக்கக் கொடுக்க வந்தவள்தான் சத்தியபாமா. யாழ்ப்பாணத்துக்காரி, டியூஷன் டீச்சர். நான்கு மாதம் இருவரும் ஒரே பாயில் படுத்தார்கள். ஞாயிறு மாலைகளில் சத்தியபாமாவின் அறையில், பெண்களை விரும்பும் பெண்கள் ஐந்தாறு பேர் கூடுவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது, தனக்கும் ஓர் இனசனம் கிடைத்துவிட்டது என்று வீரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரு ஞாயிறு புருசனைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவரு மேலயும் எனக்கு ஆச இருந்திச்சு" என்று வீரம்மா உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அப்ப நீர் எங்கட ஆள் இல்லை," என்றாள் சத்தியபாமா, எல்லோருக்கும் முன்னால். "பொழுது போக்க வந்தனீர். இனி இஞ்ச வராதையும்."

ஒருத்தி சிரித்தாள். வீரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

லெட்சுமணன் மேல் ஆசை இருந்தது உண்மை. சத்தியபாமாவை நினைத்தால் தையல் ஊசி விரலில் ஏறுவதும் உண்மை. அப்படியானால் தான் யார்? வீரம்மாவுக்கு விடை தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைவிட, அதைத் தன் தலையில் கட்டிவிட்டவள் மேல்தான் ஆத்திரம் அதிகம். அவள் ஒருநாள் என் வாசலில் வந்து நிற்கவேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்டாள்.

சாமி காது கொடுத்தது. கண்டியில் குண்டு வெடித்து, வடக்குத் தமிழர்களைப் பொலிசார் அள்ளிக்கொண்டு போன வாரம், சத்தியபாமாவை அவளுடைய வீட்டுக்காரர் வெளியேற்றினார். பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். வீட்டில் இருப்பவர்களின் விபரத்தைப் பொலிசுக்குக் கொடுக்கும் பதிவுப் பத்திரம் வீரம்மாவிடம் இருந்தது. அதில் பெயர் இல்லாதவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

"அதில என்ர பேரையும் போடும். அக்கா எண்டு எழுதும்."

விரட்டியிருக்கலாம். ஆனால் விரட்டினால் அது ஒரு நாள் சந்தோஷம். வீரம்மா பெயரை எழுதி, உறவுமுறை என்ற கட்டத்தில் சிங்களத்தில் ஒரு சொல் எழுதினாள். சிங்களம் வாசிக்கத் தெரியாத சத்தியபாமா நன்றி சொல்லிக் கையெழுத்து வைத்தாள்.

மூன்றாம் நாள் சோதனைக்கு வந்த பொலிஸ்காரர் பத்திரத்தைப் பார்த்து, "வெடகாரி கோ?" என்றார். வேலைக்காரி எங்கே என்று கேட்கிறார். அந்த அளவு சிங்களம் சத்தியபாமாவுக்கு விளங்கும். மறுத்தால் பத்திரம் பொய்யாகும். பொய்யானால் ஜீப்பில் ஏறவேண்டும். முகம் கறுத்து எழுந்து நின்றாள்.

"ஐயாவுக்குத் தேத்தண்ணி ஊத்திக் கொண்டா," என்றாள் வீரம்மா.

கொண்டுவந்தாள். சத்தியபாமா குனிந்து தட்டை நீட்டியது வீரம்மாவுக்கு இனித்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

பொலிஸ்காரர் போனதும் சத்தியபாமா அழுதாள். "நான் சொன்னது பிழைதான். நீரும் எங்கட ஆள். எல்லாருக்கும் சொல்லுறன். அந்தச் சொல்லை மட்டும் மாத்தும்."

இத்தனை நாள் வீரம்மா ஏங்கியது இதற்குத்தான். ஆனால் ஒரு சொல்லை மாற்றுவதற்கு விலையாக வந்தபோது அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"நான் யாருன்னு எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்சா நானே சொல்லிக்கிறேன்," என்றாள். "நீ போயி அந்தக் கிளாசக் கழுவு."