எனக்கு மட்டும் மிக்சர்

மில்லர்புரத்தில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்த பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தினமும் என்ன மாத்திரை என்று பக்கத்து வீட்டுச் செல்வக்கனி கேட்டபோது, "சுகருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கும் சுகர். தெருவுக்கே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் எல்லாருக்கும் இனிப்பு மக்ரூன், எனக்கு மட்டும் மிக்சர்.

போன மாதம் கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால், செல்வக்கனி என் மாத்திரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள்.

"எக்கா, எனக்குத் தீந்துபோச்சு. ஒண்ணு எடுத்துக்கிடுதேன்."

பாய்ந்து தட்டிவிட்டேன். "ஏளா, அது சுகருக்கு இல்ல!"

"பொறவு எதுக்கு?"

சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இதையும் தெருவுக்குச் சொல்வாளோ என்று பயந்து, ஒரு வாரம் நான் வாசலுக்கே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து, வெளியே நின்றபடியே ஒரு பொட்டலத்தை நீட்டினாள். மக்ரூன்.

"ஒங்களுக்குத்தான் சுகர் இல்லல்லா, தின்னுங்க. யார்ட்டயும் சொல்லல."

உள்ளே கூப்பிட்டேன். "பொறவு வாரேன்க்கா" என்று போய்விட்டாள்.

இப்போது யார் கேட்டாலும் சுகர் என்று சொல்வதில்லை. "டாக்டர் எனக்குன்னு குடுத்தது, யாரும் தொடக்கூடாது" என்கிறேன். சாயங்காலம் காபி போடும்போது இரண்டு டம்ளர் எடுத்து வைக்கிறேன். அவள் இன்னும் வரவில்லை.