அரைக் கட்டை கீழே

1994 செப்டம்பர் 14, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஐந்தே முக்காலுக்குப் பால் பூத், ஆறு மணிக்கு அடிபம்பில் நாலு குடம், ஆறே காலுக்குக் காபி. எட்டு இருபதுக்குக் குளக்கரை நிறுத்தத்தில் பஸ். ஒன்பது மணிக்குத் தியாகராய நகர் அலுவலகத்தில் கையெழுத்து. மதியம் தயிர்சாதமும் மாவடுவும். மாலை ஐந்தே முக்காலுக்கு வீடு. இவ்வளவும் அன்றைய டைரிப் பக்கத்தின் முதல் ஆறு வரிகளில் இருக்கிறது. என் பக்கங்கள் பெரும்பாலும் ஆறு வரியோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் மட்டும் ஓரம்வரை நிரம்பி மறுநாளின் இடத்துக்குள்ளும் போயிருக்கிறது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. பகலில் கோப்புகள். மாலையில், ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் வெள்ளிக்கிழமை இணைப்புக்காகப் புது மேல்நாட்டு இசை வெளியீடுகளைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். பெயர் போடமாட்டார்கள். கீழே இரண்டு இனிஷியல் மட்டும். எல்லோருக்கும் தெரிந்த பாப் பாட்டுக்காரர்களைப் பத்திரிகை அலுவலகத்திலேயே வேறொருவர் கவனித்துக்கொண்டார். யாரும் கேட்காதவை என் பங்கு: சோதனை இசை, சின்னக் கம்பெனிகள் வெளியிடும் இண்டி பாப், அப்புறம் ஷூகேஸ். மேடையில் தலை நிமிராமல் தங்கள் ஷூவையே பார்த்துக்கொண்டு வாசிப்பதால் அந்தப் பெயர். பத்துத் தம்பூராவை ஒன்றாக மீட்டி, அந்த ஒலிக்கு அடியில் யாரோ மெல்லப் பாடுவதுபோல் இருக்கும். கிடாரின் ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். அது பிழையல்ல, வேண்டுமென்றே செய்வது.

லண்டனில் இருந்த மைத்துனர், புதிதாக வரும் டிஸ்குகளைக் கேசட்டில் பதிந்து மாதம் ஒரு கவர் அனுப்புவார். ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்பேன். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை பென்சிலோடு. மூன்றாம் முறை, எழுதியதைச் சரிபார்க்க. தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் டைரியில் குறித்துவைப்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குறிப்பது பழக்கம், அவ்வளவுதான்.

கூடத்தில் என் கேசட் டெக். சமையலறையில் என் மனைவியின் சின்ன டேப் ரிக்கார்டர். அவள் முறையாகப் பாட்டுக் கற்றவள். கச்சேரிக் கேசட்டுகளை என் டெக்கில் அவள் போடுவதில்லை, என் கேசட்டுகளை அவள் பெட்டியில் நான் போடுவதில்லை. பதினைந்து வருட ஏற்பாடு. என் பாட்டைப் பற்றி அவள் அபிப்பிராயம் சொன்னது ஒரே ஒரு தடவை. "மிக்ஸிக்குள்ள யாரோ உக்காந்துண்டு அழற மாதிரி இருக்கு" என்றாள்.

ஆகஸ்டில், பத்திரிகைக்கு வந்த ஒரு கேசட்டை எனக்கு அனுப்பியிருந்தார்கள். அடையாறில் மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து வீட்டிலேயே பதிந்த ஆறு ஆங்கிலப் பாட்டுகள், எல்லாம் அவர்களே எழுதியவை. நம் ஊரிலிருந்து இந்த வகையில் எனக்கு வந்த முதல் கேசட் அது. முறைப்படி மூன்று தடவை கேட்டு எழுதினேன். அந்தப் பத்தி முந்தைய வெள்ளிக்கிழமை வெளியாகியிருந்தது. கிடார் அலையலையாக அசைவது லண்டன் தரம் என்று பாராட்டியிருந்தேன். பாடகியின் குரல் தூக்கக் கலக்கத்தில் இருப்பதாகவும், ஒவ்வோர் அடியின் முடிவிலும் தொய்ந்து விழுவதாகவும், குழு வேறு குரலைத் தேடுவது நல்லது என்றும் எழுதியிருந்தேன்.

புதன்கிழமை மாலை ஆறு பத்துக்கு அந்தப் பாடகி வீட்டுக்கு வந்தாள். பத்திரிகை அலுவலகத்தில் கெஞ்சி விலாசம் வாங்கியிருந்தாள். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கையில் விடைத்தாள் கட்டு, அதன்மேல் ஒரு ஃபைல். சனிக்கிழமை அடையாறில் ஒரு சின்ன ஹாலில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. என் பத்தியைப் படித்த பிறகு, அன்று கிடார்காரனே பாடட்டும் என்று மற்ற மூவரும் முடிவு செய்துவிட்டார்களாம். ஆறு பாட்டில் நாலு அவள் எழுதியவை.

"நான் சண்டை போட வரலை சார். நீங்க என்ன கேட்டீங்களோ அதை நானும் ஒரு தடவை கேக்கணும். அவ்வளவுதான்."

கேசட்டை டெக்கில் போட்டேன். உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. முதல் அடி முடிவதற்குள் என்னைப் பார்ப்பதை விட்டு டெக்கைப் பார்த்தாள்.

"சார், நான் ஆறு கட்டையில பாடினேன். இது அஞ்சரை."

என் மனைவி கையில் கறிவேப்பிலைக் கொத்தோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். உள்ளே போய்த் தன் சுருதிப்பெட்டியை எடுத்துவந்து ஆறு கட்டையில் வைத்தாள். சேரவில்லை. குமிழை அரைக் கட்டை கீழே திருப்பினாள். சேர்ந்தது.

"அஞ்சரைதான். அதுலயும் நெலையா நிக்கலை, வழுக்கிண்டே போறது."

எத்தனை நாளாக இப்படி என்று மனைவியிடம் கேட்டேன். நாலைந்து மாதமாகவே என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்: "அந்த ஊர்ப் பாட்டே இப்படித்தான் போலிருக்குன்னு இருந்துட்டேன். நீங்களும் பேப்பர்ல அப்படித்தானே எழுதிண்டிருக்கேள்?"

டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் பிப்ரவரியில் முப்பது நிமிடத்தில் முடிந்திருந்தது. மே மாதத்தில் முப்பத்தொன்று. ஆகஸ்டில் முப்பத்திரண்டு. எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது. குறித்தேனே தவிர, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. டெக்கின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே சக்கரத்தைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. விரலை விட்டால் இன்னொரு சுற்று சுற்றலாம் போலிருந்தது. பெல்ட் தளர்ந்தால் டேப் மெதுவாக ஓடும், சுருதியும் இறங்கும்.

மனைவியின் பெட்டியில் கேசட்டைப் போட்டோம். பதினைந்து வருட ஏற்பாடு அன்று முடிந்தது. சமையலறையில் மூவரும் நின்றபடி முதல் பாட்டைக் கேட்டோம். குரல் தெளிவாக, சற்று அவசரமாகக்கூட இருந்தது. அடிகளின் முடிவில் எந்தத் தொய்வும் இல்லை. கிடாரிலும் அலை இல்லை. அது வெறும் கிடாராக, ஒரு மாணவனின் ஒழுங்கோடு ஒலித்தது. நான் லண்டன் தரம் என்று எழுதியது என் பெல்ட்டை.

அவள் ஃபைலைத் திறந்தாள். ஒரு வருடமாக என் பத்திகளை வெட்டி ஒட்டி வைத்திருந்தாள். தேதி வரிசை, ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள். மே மாதத்திலிருந்து நான் எழுதியவற்றில் 'அசைவு', 'தொய்வு', 'மிதத்தல்' என்ற பொருளில் வந்த சொற்களுக்கு அடிக்கோடு போட்டிருந்தாள். நாங்கள் கேட்டதும் அந்த லண்டன் இசைதான், ரசித்ததும் அதுதான், இந்தச் சொற்களை எல்லாம் நீங்கள் பாராட்டாகத்தான் எழுதுவீர்கள் என்று நம்பியிருந்தேன் என்றாள்.

"லண்டன்ல தொய்ஞ்சா அழகு, அடையாறுல தொய்ஞ்சா தப்பு. அப்படித்தானே சார்?"

பெல்ட்டைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே பெல்ட்தான் இருவரையும் தொய்யவைத்தது. ஒருவருக்கு அதைப் புகழாகவும் மற்றவருக்குக் குறையாகவும் எழுதியது நான். ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை திருத்தம் வந்தால் சனிக்கிழமை பாடவிடுவார்களா என்று கேட்டேன். அச்சில் பார்த்துத்தான் தன்னை நீக்கினார்கள், அச்சில் பார்த்தால்தான் திரும்பச் சேர்ப்பார்கள் என்றாள். காபி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினாள். வாசலில், சுருதிப்பெட்டி எங்கே வாங்கினீர்கள் என்று என் மனைவியிடம் விசாரித்துவிட்டுப் போனாள்.

ஏழே காலுக்கு மாட வீதி முனையில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனேன். இணைப்பின் பொறுப்பாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் நீங்க. இந்தப் பாட்டை எந்த ஸ்பீடுல போட்டாலும் எவனுக்குத் தெரியப்போவுது? மெஷின் கெட்டுப்போச்சுன்னு போட்டா, எழுதறவருக்கே காது கெட்டுப்போச்சுன்னுதான் படிப்பான். அப்பறம் காலம் எங்க சார் கீது?"

காலம் என்று அவர் சொன்னது என் பத்தியை; அது போய்விடும் என்று அர்த்தம். வாரத்தில் கோப்பு எண் இல்லாமல் நான் எழுதியது அது ஒன்றுதான். யோசித்துச் சொல்லுங்கள், அப்படியும் எழுதத்தான் வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்குப் பக்கம் முடிக்கக் கிளம்பிவிடுவேன், அதற்கு முன்னால் கோட்டூர்புரத்தில் என் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒரே பக்கம். மே மாதத்திலிருந்து எழுதிய ஒன்பது வெளியீடுகளின் பெயர்களையும் வரிசையாகப் போட்டு, அவற்றை அரைக் கட்டை வரை தாழ்வாக ஓடிய கருவியில் கேட்டேன் என்றும், அவற்றைப் பற்றிய என் சொற்களை நம்ப வேண்டாம் என்றும் எழுதினேன். அடையாறு கேசட்டைத் திரும்பக் கேட்டதில் பாடகியின் குரல் சுருதியிலும் காலத்திலும் சுத்தமாக இருக்கிறது, குழுவின் பலமே அதுதான் என்று அவள் பெயரையும் போட்டு எழுதினேன். கிடாரைப் பற்றிய பாராட்டைத் திரும்பப் பெற்றேன். மூன்றாம் பாட்டின் சொற்கள் சரியான வேகத்திலும் சுமார்தான். அதையும் சேர்த்தேன். அந்தப் பாட்டு அவள் எழுதியது. கடைசியாக ஒரு வரி: கருவி சரியாக ஓடியிருந்தாலும் ஊரைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன தவறு என்னுடையதுதான், கருவியுடையதல்ல.

மனைவி வாங்கிப் படித்தாள். ஒன்பது பெயரையும் போட வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். டெக்கின் மூடியை மாட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கப் போகவில்லை. முதல் வேலையாகக் கவரை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து, ஆறு ஐந்துக்குக் கோட்டூர்புரம் குடியிருப்பில் இரண்டாம் மாடி ஏறினேன். பொறுப்பாளர் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தார். நின்றபடியே முழுவதும் படித்தார். உள்ளே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, பொண்ணு விஷயம் மட்டும் போதும், இந்த ஒன்பதை எடுத்துவிடுகிறேன் என்றார். எடுத்தால் கீழே இருக்கும் இனிஷியலையும் எடுத்துவிடுங்கள் என்றேன். ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பேனாவை எடுத்து, ஒன்பது பெயரையும் அடிக்காமல் தாண்டி, அந்தப் பெண்ணின் பெயரை இப்படித்தான் எழுதுவார்களா என்று கேட்டார். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.