பூட்டிய வீட்டில் பிடித்த ஏழு கொசுக்கள்

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. பதினான்கு வருடமாகக் கோவையில் ஓர் ஆய்வகத்தில் டெங்கு கொசுக்களை ஆராய்கிறேன். பார்த்ததை மட்டும் எழுதுவதுதான் என் வேலை. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

போன நவம்பர் 14. என் தங்கை சாரா கோவையில் ஒரு மருத்துவமனை ஐசியூவில் கிடந்தாள். டெங்கு. நினைவில்லை. தட்டணுக்கள் ஒன்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டன. ஊருக்கெல்லாம் கொசுவை ஒழிக்க வழி சொல்கிற என்னால், சொந்தத் தங்கைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். “பொழைச்சுக்குவாளா ஜெனி?” இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

சாரா பல்லடத்தில் பள்ளி ஆசிரியை. தனியாக வாடகை வீட்டில் இருந்தாள். அந்தத் தெருவில் மட்டும் பதினொரு பேருக்கு டெங்கு. கொசு எங்கே முட்டையிடுகிறது என்று எங்கள் குழுவால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. சோதிக்காத வீடு அவள் வீடு ஒன்றுதான். காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாலை 5.20. டெங்கு கொசு அதிகமாகக் கடிக்கும் நேரம். எதிரில் இருந்த வீட்டுக்காரம்மா நாச்சியம்மாளிடம் சாவி வாங்கினேன்.

“ஏனுங்க அம்மணி, டீச்சருக்கு எப்படி இருக்குதுங்க?”

“அப்படியேதாங்க இருக்கா. வீட்டுக்குள்ள யாராச்சும் போனாங்களா?”

“இல்லீங்க. ஆறு நாளா ஊடு பூட்டியேதானுங்க கெடக்குது.”

உள்ளே போனேன். குடம், தொட்டி, ஃப்ரிட்ஜின் பின்தட்டு... எல்லாமே காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

படுக்கையறைக் கதவைத் திறந்தேன்.

ங்ங்ங்...

ஜன்னல்கள் மூடியிருந்தன. டார்ச் அடித்தேன். சுவரெல்லாம் கொசு. வயிறு சிவப்பாக உப்பியிருந்தது. குடித்த ரத்தம் ஒரு நாளில் கறுத்துவிடும். இது பளிச்சென்ற சிவப்பு. இப்போதுதான் குடித்திருக்கின்றன.

யாரிடம்?

கண்ணாடிக் குழாயால் ஏழு கொசுக்களை உறிஞ்சிப் பிடித்தேன். அப்போதுதான் உறைத்தது. ஒன்றுகூட என்மேல் உட்காரவில்லை. கொசு மூச்சுக்காற்றைத் தேடி வரும். அங்கே மூச்சு விடுவது நான் ஒருத்திதான். ஆனால் எல்லாமே காலியாகக் கிடந்த கட்டிலுக்குப் போயின. தலையணைக்கு மேலே சுற்றின.

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

ஹ்ஹ்... ஹ்ஹ்...

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

மெத்தையைத் தொட்டேன். சுட்டது. காய்ச்சல் உடம்பு போல.

“அக்கா...”

மணி 5.41.

ஓடினேன். கதவைப் பூட்டினேன். காரில் ஏறிக் கிளம்பினேன்.

சாரா பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கண் விழித்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி...

“ஏக்கா என்னை உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டுப் போயிட்ட?”

காய்ச்சல் இருக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

“எத்தனை தடவை கூப்பிட்டேன். குழாய்ல கொசுவைப் புடிச்சுக்கிட்டு ஓடிட்ட. நானும் எந்திரிச்சு வரத்தான் பாத்தேன். பக்கத்துல படுத்திருந்த அம்மா கையை விடவே இல்ல.”

“எந்த அம்மா?”

“தெரியல. அது உடம்பு மட்டும் சில்லுனு இருந்துச்சு.”

அந்த ஏழு கொசுக்களையும் எதுவும் சொல்லாமல் எங்கள் ஆய்வக இஸ்மத்திடம் கொடுத்திருந்தேன். அந்தத் தெருவில் இதுவரை டெங்கு வந்த எல்லாருடைய ரத்தமும் எங்கள் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மறுவாரம் போன் வந்தது.

“மேடம், நாலு கொசுவுல உங்க தங்கச்சி ரத்தமுங்க.”

“மீதி மூணு?”

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

“பங்காரம்மான்னு ஒருத்தருங்க. விலாசம் பாத்தேன். உங்க தங்கச்சி இருக்கற அதே ஊடுங்க, மேடம். முன்னாடி குடியிருந்தவங்க...”

“அவங்களையும் டெங்குக் கொசு கடிச்சிருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க, இஸ்மத்.”

“டெங்குல செத்துப் பதினாலு மாசம் ஆச்சுங்க, மேடம்.”