பதினான்காம் அறையின் தரை

கதவு திறந்துதான் கிடக்கிறது. இருந்தாலும் ரைட்டு அதை மூன்று முறை தட்டுகிறார், காதைச் சாய்த்து ஒரு நொடி நிற்கிறார், அதன் பிறகே உள்ளே கால் வைக்கிறார். பின்னால் வரும் பத்தொன்பது பேரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். காயம்பட்ட சிப்பாய்கள் படுத்திருந்த இடம், அவர்களிடம் அனுமதி கேட்கிறார் போலும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. உள்ளே இருப்பவை புறாக்கள். தட்டாமல் நுழைந்தால் நாற்பதும் ஒன்றாகக் கிளம்பி முகத்தில் அடிக்கும். முதல் வருஷம் ஒரு பெண்மணியின் மூக்குக்கண்ணாடி அப்படித்தான் போயிற்று.

முப்பத்தோரு வருஷம் பேருந்து நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே, இந்தப் பழைய ராணுவ மருத்துவமனையைப் பராமரிக்கும் சங்கத்தார் அவரை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார்கள். வாரத்தில் நான்கு நாள், காலையில் ஒரு சுற்று. ஒவ்வோர் அறை முடிந்ததும் "ரைட், போலாம்!" என்பார். பெயர் அப்படி வந்தது. வாசலில் கூட்டம் தேங்கினால் தாங்க மாட்டார். "உள்ள போங்கண்ணே, நடுவுல எவ்ளோ எடம் கெடக்கு! படியிலயே தொங்கிட்டு வந்தா எப்படி?" நீண்ட தாழ்வாரத்தில் ஆட்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். ஓடும் வண்டியில் பிடிமானமில்லாமல் நின்று பழகியவருக்கு, அசையாத தரை ஒரு பொருட்டில்லை. எந்த ஓடு பெயர்ந்திருக்கிறது, எங்கே குழி என்பதெல்லாம் அவர் குதிகாலுக்குத் தெரியும்.

கட்டடத்தின் வலது பக்கத்துக்குக் கூரை கிடையாது. மாடிப்படி பாதியில் வானத்தைப் பார்த்து நிற்கிறது. ஜன்னல் வழியாக ஒரு மரம் உள்ளே போய், இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே வந்திருக்கிறது. "அந்தப் பக்கம் போவாதீங்க. செவுரு மரத்தப் புடிச்சிருக்கா, மரம் செவுரப் புடிச்சிருக்கான்னு அதுங்களுக்கே தெரியாது." இடது பக்கம் திடமாகவே இருக்கிறது. பெரிய வார்டில் கட்டில்கள் இல்லை. ஆனால் சுவரில் கறுப்புச் சாயத்தில் எழுதிய கட்டில் எண்கள் இருக்கின்றன. எப்போதும் வயதான ஒருவரைத் தேர்ந்தெடுத்து எண்ணுக்குக் கீழே நிறுத்துவார். "பெரியவரே, ஒம்பதாம் நம்பர் உங்களுக்கு. நர்ஸ் வர்ற வரைக்கும் எங்கயும் போவக் கூடாது." சிரிப்பு எழும். அது அடங்கும் முன்பே "ரைட், போலாம்!"

அன்று மட்டும் அவர் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டிருந்தார். வரிசையின் கடைசியில் அவர் மனைவி வந்துகொண்டிருந்தார்.

ஆறு வருஷத்தில் அந்த அம்மாள் இங்கே வந்ததே இல்லை. ஊரின் மறுகோடியில் இன்னொரு மருத்துவமனையில், சலவைக்கூடத்தில், இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். "நான் பாக்காத ஆஸ்பத்திரியா? லீவு நாள்ல சினிமாவுக்குக் கூப்பிடுங்க, வர்றேன்" என்று ஒரே பதிலில் தப்பித்து வந்தார். போன மாதம் அவரும் ஓய்வு பெற்றுவிட, பதில் செல்லாமல் போயிற்று. மகள் வேறு, "அப்பாவ ஒரு தடவை போய்த்தான் பாரேம்மா" என்று நச்சரித்தாள்.

ரைட்டு எதிர்பார்த்தது பெரிய பாராட்டை அல்ல. மனைவி வாயிலிருந்து "பரவாயில்லையே" என்று ஒரு சொல் வந்தால் போதும். முப்பது வருஷ இல்லறத்தில் அந்தச் சொல்லை அவர் இரண்டே முறை கேட்டிருக்கிறார். ஒன்று, புதிதாக வாங்கிய குக்கருக்கு. இன்னொன்று, சம்பந்தியம்மாளின் கையெழுத்துக்கு.

பெரிய வார்டில் எல்லோரும் சிரித்தபோது ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, ஒட்டிய தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சகுனமாகப் படவில்லை. பரவாயில்லை, பதினான்காம் அறை இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார்.

பதினான்காம் அறைதான் அவருடைய சுற்றின் உச்சி. சங்கத்தார் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பில் அந்த எண்ணுக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காலி இருக்கையைப் பார்த்தால் யாரையாவது உட்காரவைக்காமல் அவருக்கு மனம் ஆறாது. அறுவை சிகிச்சையை அங்கே உட்காரவைத்தார். வேண்டுமென்றே சொன்ன பொய் என்று அதைச் சொல்ல முடியாது. முதல் மாதம் "இருக்கலாம்" என்றார். இரண்டாம் மாதம் "இருந்திருக்கணும்" என்றார். மூன்றாம் மாதத்திலிருந்து அவரே நம்பிவிட்டார். வீட்டிலும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் சொன்னதெல்லாம் ரத்தத்தையும் டாக்டரையும் பற்றித்தான். தரையில் என்னென்ன இருக்கிறது என்று சொன்னதில்லை.

"இந்த நாலு போல்ட்டப் பாத்தீங்களா?" குரல் இறங்கியது. "இதுலதான் ஆபரேஷன் மேஜைய முடுக்கியிருந்தாங்க. அந்தக் காலத்துல மயக்க மருந்து எல்லாருக்கும் கெடைக்காது. ஆளு துடிப்பான். மேஜை ஆடக் கூடாதுல்ல?"

யாரோ "ஐயோ" என்றார்கள். ஆசிரியை ஒருவர் நோட்டில் வேகமாக எழுதினார்.

"தரையில இந்தக் கால்வாய் எதுக்குன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே புரிஞ்சுக்கங்க."

இங்கே நான்கு நொடி மௌனம் வைப்பார். எண்ணிப் பழகிய மௌனம். மூன்றாவது நொடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க."

இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, தாழ்த்திப் பேசுவது மறந்துபோன குரல் அது.

"கேள்வியெல்லாம் கடைசில" என்றார், திரும்பாமல்.

"கேள்வி இல்லைங்க. இது சலவைக்கூடம்."

ஆசிரியையின் பேனா நின்றது. மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வீட்டில் தவறான இடத்தில் வைத்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோல போல்ட்டுகளைப் பார்த்தார்.

"இது தொவைக்கிற மெஷினுக்கு அடிச்ச போல்ட்டு. நனைஞ்ச துணியோட சுத்த ஆரம்பிச்சா அறையே நடுங்கும். கால்வாய் தண்ணி போறதுக்கு. இவ்ளோ அகலத்துக்கு ஓட ஒரு ஆளு ஒடம்புல ரத்தம் ஏதுங்க?"

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

"ஜன்னல்?" என்றார் ரைட்டு. "அவ்ளோ ஒசரத்துல எதுக்கு வச்சான்? வெளிய நிக்கிறவன் பாத்துப் பயந்துடக் கூடாதுன்னுதானே?"

"ஆவி போகணும்ல?"

"எதிரும் புதிருமா ரெண்டு கதவு?"

"அழுக்கு அதுல வரும், வெளுத்தது இதுல போகும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடவே கூடாது. தொட்டுச்சுன்னா எங்க சூப்பர்வைசர் அன்னிக்குச் சோறு எறங்காம திரிவாரு."

கடைசிப் பிடியாக ரைட்டு உத்தரத்தைக் காட்டினார். "அப்ப அந்தக் கொக்கி?"

"மூட்டை தூக்கறதுக்கு. நீங்க என்னத்தத் தொங்கவிட்டீங்க?"

"பெரிய வெளக்கு ஒண்ணு" என்றார் அவர்.

முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஆனால் அவர் கண் போல்ட்டுகளை விட்டு நகரவில்லை. ஆறு வருஷமாக எத்தனை பேரைத் தப்பு வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்! மனைவியைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். வெளிக்கதவோடு நின்றுவிடுவார். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே இந்தத் தரை அவரிடம் பேசியிருக்கும்.

சிரிப்பு ஓய்ந்ததும் அந்த அம்மாளுக்குத்தான் உறைத்தது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. நான் பாட்டுக்குக் குறுக்க வந்து…"

அந்த இடத்தில் ஒரு வேடிக்கை வார்த்தை சொல்லி, "ரைட், போலாம்!" என்று ரைட்டு தப்பித்திருக்கலாம். பத்தொன்பது பேரும் மன்னித்திருப்பார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி, ஒன்பதாம் நம்பர் பெரியவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ சொல்லு. எனக்கே தெரியாதே."

அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார். ரத்தம் பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போட வேண்டும், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்றார். இருநூறு கட்டில் என்றால் தினமும் எத்தனை விரிப்பு என்று கேட்டு, அவர்கள் யோசிக்கும் முன் அவரே கணக்கைச் சொன்னார். "பொழைச்சுப் போனவனோடதும் இங்கதான் வரும், போய்ச் சேர்ந்தவனோடதும் இங்கதான் வரும். அலசறவளுக்கு எது யாரோடதுன்னு தெரியாது. எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் வெளுக்கணும்." ஆசிரியை எழுதியதை அடித்துவிட்டு, புதுப் பக்கம் திருப்பினார்.

"எல்லாத்தையும்விட மடிக்கறதுதான் பாடு. பெரிய விரிப்ப ஒருத்தரால மடிக்க முடியாது" என்று சொல்லி, காட்டுவதற்காக இரண்டு கைகளையும் அகல விரித்தார். கையில் துணி எதுவும் இல்லை. காற்றில் இரண்டு மூலைகளைப் பிடித்தபடி எதிரே யாரையோ தேடினார்.

ரைட்டு போய், ஆறடி தள்ளி எதிரே நின்று, மற்ற இரண்டு மூலைகளையும் பிடித்தார்.

"இழுத்துப் புடிங்க. சுருக்கம் விழுது."

இழுத்துப் பிடித்தார். இருவரும் ஒருமுறை உதறினார்கள். நீளவாக்கில் பாதியாக மடித்தார்கள், இன்னொரு பாதியாக மடித்தார்கள். பிறகு அவர் தன் பக்கத்து மூலைகளைத் தூக்கிப் பிடித்தபடி, நுனி ஈரத்தரையில் பட்டுவிடாமல் மெல்ல நடந்து வந்து, மனைவியின் கைகளில் சேர்த்தார்.